நாற்பதில் மூன்று

விடிவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே அவளைச் சூளையடியிலிருந்து கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். லாரி ஒன்று பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் வாயில் இரண்டு பலகைகள் சாய்ந்திருந்தன. கீழே ஆளுயர மரப்பெட்டிகள் மூன்று. ஒவ்வொன்றும் கல்லாய்க் கனத்தது. முன்னால் இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். பின்னால் அவளும் இன்னொருத்தியும் தோளைக் கொடுத்தார்கள்.

"ஒண்ணு… ரெண்டு… தள்ளு!"

அவள் போட்ட அந்தச் சத்தம் சுற்றுச்சுவர் வரை போய் இடித்துத் திரும்பியது. தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஸ்பீக்கர் என்றுதான் அழைப்பார்கள். வாஷ்பேசின்களைச் சுட்டு இறக்கும் சூளையில் ஏற்றுக்கூலி வேலை அவளுக்கு. தள்ளுவண்டி திரும்பும்போது 'விலகு' என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கேட்டுக்குப் பக்கத்தில் தூங்கும் வாட்ச்மேன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வான்.

மூன்றாவது பெட்டி பலகையில் பாதி ஏறியதும் மூச்சு வாங்க நின்றார்கள். பனியிலும் வியர்வை முதுகில் வழிந்தது. உள்ளங்கையில் ஒரு மரச் சிலாம்பு ஏறியிருந்தது. பல்லால் கடித்து எடுத்துத் துப்பினாள்.

"என்ன சார், போன வாரம்தானே இதை இறக்கினோம்? அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டு ஊருக்குக் கிளம்பிடுச்சா?"

சூப்பர்வைசர் டீக்குவளையோடு சிரித்தார். "தூசு உறிஞ்சுற மெஷின். தேய்ப்புக் கொட்டகைக்கு வந்தது. இப்ப தேவையில்லன்னு ஆயிடுச்சு."

"ஏன் சார் தேவையில்ல?"

"அதான் டாக்டரம்மா வந்து எல்லாரையும் ஊதச் சொல்லி அளந்தாங்களே. பத்துல ஒருத்தருக்கு மேல மூச்சு கெட்டிருந்தா மெஷின் மாட்டியே ஆகணும்னு தொழிலாளர் ஆபீஸ் உத்தரவு. எப்படியும் மாட்டச் சொல்லுவாங்கன்னுதான் முதலாளி முன்கூட்டியே வரவழைச்சார். கடைசில பார்த்தா நாற்பது பேர்ல மூணே மூணு பேர். நாலைத் தாண்டலியே! மனுஷன் முகத்துல நேத்துதான் சிரிப்பைப் பார்த்தேன்." குவளையைக் கவிழ்த்து மிச்சத்தைக் கொட்டினார். "சரி, நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரம்மா கடைசிக் கையெழுத்துக்கு வராங்க. அதுக்குள்ள முற்றம் சுத்தமா இருக்கணும். தள்ளு, தள்ளு."

அவள் தள்ளவில்லை. பெட்டி இரண்டு விரற்கடை பின்னால் நழுவியது. "ஏய்!" என்று மேலே இருந்தவர்கள் கத்திய பிறகுதான் தோளைக் கொடுத்தாள். பெட்டி ஏறிவிட்டது. லாரிக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார்கள்.

மூணு பேர் என்றா சொன்னார்? நாற்பது பேரில் பதினோரு பேருக்கு ஊதியது அவள்தான்.

*

அது நடந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது.

தேய்ப்புக் கொட்டகை என்பது தகரக் கூரை போட்ட நீளமான கூடம். அச்சில் வார்த்துக் காயவைத்த மண் பேசின்கள் அங்கேதான் வரும். நாற்பது பெண்கள் அவற்றை மடியில் சாய்த்து, சுரண்டியால் விளிம்பைச் சீவி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூசு எழும். மாவைப் போல மெதுவாக எழுந்து, இறங்க இடம் இல்லாமல் அப்படியே நிற்கும். இமையில், காதுமடலில், பல்லிடுக்கில் எல்லாம் தூசு. தலைத்துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு வேலை முடிந்து வெளியே வரும்போது, பெற்ற பிள்ளைக்கே தாயை அடையாளம் தெரியாது. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பார்கள்.

அவளுடைய அண்ணி அந்தக் கொட்டகையில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். அண்ணன் பக்கத்து வார்ப்புக் கூடத்தில் இருந்தான். இருமி இருமியே மூன்று வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான். 'புகைப் பழக்கம்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அண்ணன் வாழ்நாளில் இழுத்தது சூளைப் புகை ஒன்றைத்தான். அவன் இருந்த கம்பெனி லைன் வீட்டு அறை, அண்ணியின் வேலை எண் பொறித்த டோக்கனுக்கு மாறியது. பத்துக்குப் பத்து அறையில் அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள், ஸ்பீக்கர் என்று நாலு பேர். டோக்கன் போனால் அறையும் போகும். அதுதான் கணக்கு.

அளக்க வருகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, எதற்கு அளக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 'மூச்சு போதாதவங்களைக் கழிச்சுடுவாங்களாம்' என்ற பேச்சுதான் கொட்டகையில் சுற்றியது. முதல் நாள் மதிய ஷிப்டில் மூன்று பேர் ஊதினார்கள், அளக்கும் குழாயில் முள் ஏறவில்லை. சாயங்காலமே அவர்களுக்கு 'ஓய்வு' என்று சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். டோக்கனையும் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அண்ணி குழாயடியில் முகம் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். அறையிலிருந்து கொட்டகைக்கு நூற்றைம்பது அடி. அந்தத் தூரத்துக்கு அவள் மூன்று இடத்தில் நிற்கிறாள். முதல் இடத்தில் செருப்பைச் சரிசெய்வது போல, இரண்டாவதில் யாரையோ தேடுவது போல. மூன்றாவதில் நடிக்கவும் தெம்பு இருக்காது.

"அண்ணி, உங்க டோக்கனைக் கொடுங்க."

"எதுக்கு?"

"நான் ஊதிட்டு வரேன். என் மூச்சு சும்மாதானே கிடக்குது? வாட்ச்மேனை எழுப்புறதுக்கு மட்டும்தான் செலவாகுது."

அண்ணியின் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் இரண்டு கை தூசை அப்பிக்கொண்டு போனாள். டாக்டரம்மாவோடு வந்திருந்த நர்ஸ் முகத்தைப் பார்க்கவில்லை, டோக்கன் எண்ணைப் பார்த்தாள். "நல்லா இழுத்து, ஒரே ஊது" என்றாள். ஸ்பீக்கர் ஊதிய ஊதில் குழாயின் முள் மேலே போய் முட்டியது.

திரும்பி வந்தபோது கொட்டகையின் பின்கதவில் இன்னும் இரண்டு பேர் டோக்கனோடு நின்றார்கள். பிறகு நாலு. கொட்டகையில் 'மாமியார்' என்று ஒருத்தி உண்டு. வயது நாற்பத்திரண்டுதான். எல்லாரையும் எல்லா நேரமும் திட்டுவதால் அந்தப் பட்டம். அவளும் டோக்கனை நீட்டினாள்.

"எனக்குக் கொஞ்சம் பார்த்து ஊது. ரொம்ப நல்லா ஊதிட்டேன்னா மூட்டை தூக்கப் போடுவான்."

பதினோரு பேர், ஆளுக்கு மூன்று தடவை. முப்பத்துமூன்றாவது ஊதில் ஸ்பீக்கருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று கொட்டகை முழுக்கச் சிரித்தது. கம்பெனியை ஏமாற்றிவிட்டோம் என்று சிரித்தார்கள்.

*

எட்டு மணி டீக்கு மணி அடித்ததும் ஸ்பீக்கர் கொட்டகைக்கு ஓடினாள். லாரியில் ஏற்றிய பெட்டி என்னவென்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஒருத்தி உப்புத்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாலு பேரைத் தாண்டினா மெஷின்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சா ஊதியிருப்பேனா அக்கா?"

"மூணும் பதினொண்ணும் பதினாலு." மாமியார் விரலை மடக்கினாள். "பதினாலு பேரு இருக்கோம். மெஷின் வாசல் வரைக்கும் வந்து நின்னிருக்கு. நாமளே நம்ம ஆளைவிட்டு ஏத்தி அனுப்பிட்டோம்."

"போய்ச் சொல்லிடலாம்" என்றாள் ஸ்பீக்கர்.

"சொல்லு. சொன்னா என்ன ஆகும்? நான் சொல்றேன் கேளு. ஏமாத்தினதுக்கு உன்னைத் துரத்துவான். மூச்சு இல்லாததுக்கு எங்களைத் துரத்துவான். அப்புறம் புதுசா பதினாலு பொண்ணுங்களைக் கொண்டாந்து உக்கார வைப்பான். அதுங்க மூச்சு நல்லாத்தான் இருக்கும், அஞ்சாறு வருஷத்துக்கு. மெஷினும் வராது, நாமளும் இருக்க மாட்டோம். வாயை மூடிக்கிட்டுப் போ."

அண்ணி மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அவளைத் திட்டாதீங்க. டோக்கனை நீட்டினது நம்ம கைதான்."

சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது.

அன்று பதினொன்றரை மணிக்கு அண்ணி மடியிலிருந்த பேசினோடு சாய்ந்தாள். பேசின் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. தகவல் வந்து ஸ்பீக்கர் வரும்போது வாசல் காற்றில் உட்கார வைத்திருந்தார்கள். முதுகைத் தடவினாள். உள்ளே விசில் போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

கம்பெனி மருந்தகத்துக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அங்கே சீட்டு எழுத வேண்டும். மருந்தகத்துக்காரர் டோக்கன் எண்ணைக் கேட்டார். இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அட்டையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இவங்க வயசுக்கு இருக்க வேண்டிய மூச்சு நூறுன்னா, இதுல இவங்களுக்கு நூத்துநாலு. எனக்கே தொண்ணூறுதான்."

"சார், கண்ணால பாருங்க சார். உதட்டைப் பாருங்க."

"பார்க்குறேன்மா. ஆனா அட்டைல இப்படி இருக்கும்போது நுரையீரல்னு சீட்டு எழுதினா என்னைத்தான் கேப்பாங்க. பட்டினி கிடந்திருப்பாங்க. ரெண்டு மாத்திரை தரேன். மதியம் வேலைக்குப் போகச் சொல்லு. இல்லன்னா அரை நாள் போயிடும்."

அட்டையில் மையால் எழுதியிருந்த அந்த நூற்றுநாலை ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அவளுடைய மூச்சு. அண்ணிக்கு என்று ஆசையாகக் கொடுத்தது. இப்போது அதே மூச்சு அண்ணியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறது.

*

வேலை முடிந்ததும் குழாயடியில் கூடினார்கள். அண்ணியை அறையில் படுக்க வைத்துவிட்டு ஸ்பீக்கர் வந்தாள். நூற்றுநாலு கதையைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் நாமெல்லாம் பயில்வான்கள். செத்தா கூட அட்டை பயில்வான்னுதான் சொல்லும். நான் போய்ச் சொல்லத்தான் போறேன். என்னைத் துரத்தட்டும். ஆனா உங்க யார் டோக்கன் எண்ணையும் சொல்ல மாட்டேன்."

"எண்ணைச் சொல்லாம எப்படிடி நம்புவாங்க?" என்றாள் ஒருத்தி.

"சொன்னா அவங்க போயிடுவாங்களே."

அங்கேதான் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். சொல்லாவிட்டால் தூசு கொல்லும், சொன்னால் டோக்கன் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். குழாயில் தண்ணீர் நின்றுபோன பிறகும் யாரும் குடத்தை எடுக்கவில்லை.

மூச்சு நன்றாக இருக்கிற பெண்களில் ஒருத்தி, கொட்டகைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், சந்தேகமாகக் கேட்டாள். "ஆபீஸ் உத்தரவுல எத்தனை பேருன்னுதானே கேட்டிருக்கு? யாரு யாருன்னா கேட்டிருக்கு?"

மாமியார் சட்டென்று திரும்பினாள். "திரும்பச் சொல்லு."

"இல்லக்கா… மெஷின் மாட்டணுமா வேணாமான்னு முடிவு பண்ண எண்ணிக்கை போதுமே. டோக்கன் எதுக்கு? டோக்கன் வேண்டியது டாக்டரம்மாவுக்கு இல்ல. முதலாளிக்குத்தான்."

மாமியார் கொஞ்ச நேரம் அவளை முறைத்தாள். கோபத்தில் அல்ல. "வந்து ஒரு வருஷம் ஆகல. எங்க எல்லாருக்கும் மூளையிலயும் தூசு போயிடுச்சு போல. இவளுக்கு இன்னும் போகல." பிறகு எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்தாள். "டோக்கன் இல்லாம நாற்பது பேரும் ஊதுவோம். நல்லா இருக்கிறவளும் வரணும், கெட்டிருக்கிறவளும் வரணும். நல்லா இருக்கிற ஒருத்தி, எனக்கு என்ன வந்துச்சுன்னு உள்ளே உக்காந்து தேய்ச்சிட்டிருந்தா, வெளிய நிக்கிறவ யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். புரியுதா? நீங்க இருபத்தாறு பேர்தான் எங்களுக்கு முகமூடி."

"நாற்பது எங்க அக்கா இருக்கு? மூணு பேரை அனுப்பிட்டாங்களே" என்றாள் ஸ்பீக்கர்.

"அவங்களை நான் கூட்டிட்டு வரேன்" என்றாள் மாமியார்.

*

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரம்மா வந்து இறங்கியபோது முற்றத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தலைத்துணி மூக்குவரை, கையிலும் கழுத்திலும் டோக்கன் இல்லை. டோக்கன்களெல்லாம் கொட்டகைக்குள் ஒரு வாளியில் கிடந்தன. சீட்டுக் கிழித்து அனுப்பப்பட்ட மூவரும் வரிசையின் நடுவில் நின்றார்கள். வாட்ச்மேன் அவர்களை எப்படி உள்ளே விட்டான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான். அண்ணி ஒன்பதாவது ஆளாக, முன்னால் நிற்பவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையிலேயே இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

முதலாளி மாடிப்படியில் இறங்கி வந்தார். பின்னால் சூப்பர்வைசர்.

"என்ன இது? மணி என்ன ஆகுது?"

ஸ்பீக்கர் வரிசைக்கு வெளியே வந்து நின்றாள். அவள் அந்தக் கொட்டகை ஆள் இல்லையே. டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அம்மா, நீங்க போன தடவை அளந்தது தப்பு. அதுல பதினோரு பேருக்கு நான் ஊதினேன். துணியைச் சுத்திக்கிட்டு, முகத்துல தூசு பூசிக்கிட்டு வந்து ஊதினேன். நீங்க எதுக்கு அளக்குறீங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. வேலை போயிடும்னு பயந்து செஞ்சோம். தப்பு என்னுது."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்தார். "கேட்டீங்களா டாக்டர்? திருட்டை வாயாலயே ஒத்துக்கிறா. சரிம்மா, எந்தப் பதினோரு பேரு? எண்ணைச் சொல்லு."

"மறந்துடுச்சு சார்."

"பதினோரு பேரும் மறந்துடுச்சா?"

"முப்பத்துமூணு தடவை ஊதினேன் சார். அப்பவே மயக்கம்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"நீ இப்பவே வெளிய போகலாம்" என்றார் முதலாளி. "சூளையடிக்கு ஆள் கிடைக்காமயா போயிடும்?"

"போறேன் சார். இவங்க ஊதி முடிக்கட்டும், போறேன்."

டாக்டரம்மா பையைத் திறந்து பழைய தாள்களை எடுத்தாள். இளவயதுக்காரி. காதோரம் சிவந்திருந்தது. "பதினோரு பேருக்கு முள் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னிருக்கு. அன்னைக்கே கவனிச்சேன். ஏன்னு கேட்டிருக்கணும். கேட்காம விட்டுட்டேன்." தாள்களை இரண்டாக மடித்துப் பையில் போட்டாள். "இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. மறுபடி அளக்கணும்."

"தாராளமா அளங்க" என்றார் முதலாளி. "டோக்கனோட வரச் சொல்லுங்க. ஒவ்வொருத்தியா, என் ஆள் முன்னாடி."

மாமியார் வரிசையிலிருந்தே கேட்டாள். "அம்மா, உங்க கணக்குக்கு எங்க டோக்கன் வேணுமா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "வயசும் உயரமும் எத்தனை வருஷம் வேலைன்னும் வேணும். டோக்கன் வேண்டாம். எனக்கு எத்தனை பேர்ங்கிறதுதான் முக்கியம்."

"டோக்கன் இல்லாதவ இங்க வேலைக்காரியே இல்ல!" முதலாளியின் குரல் உயர்ந்தது. "வேலைக்காரி இல்லாதவளை அளந்து நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"அப்படின்னா கொட்டகைல யாருமே இல்லன்னு எழுதிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் மாமியார். "நேத்து தேய்ச்ச முந்நூறு பேசினும் தானா தேய்ஞ்சுக்கிச்சு."

முதலாளி சூப்பர்வைசரிடம் ஏதோ சொல்லிவிட்டு மாடி ஏறினார். இரண்டு நிமிஷத்தில் கொட்டகையின் கதவை இழுத்துப் பூட்டினார்கள். அடுத்து கேட்டையும் சாத்தினார்கள். வரிசையில் நிற்கிற எவளுக்கும் இன்று வேலை இல்லை, நாளையும் இருக்குமா என்று சொல்வதற்கில்லை என்று சூப்பர்வைசர் வந்து அறிவித்தார். சொல்லும்போது அவர் தரையைத்தான் பார்த்தார்.

ஒருத்தியின் கால் வரிசையை விட்டு அசைந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்தாள். கால் திரும்ப வந்தது.

டாக்டரம்மா மர பெஞ்சில் உட்கார்ந்து புதுத் தாள் ஒன்றை விரித்தாள். மேலே எண் எழுதும் இடத்தில் ஒரு கோடு கிழித்தாள். "முதல் ஆள் வாங்க."

முதல் ஆள் மாமியார். இழுத்து ஊதினாள். முள் பாதிக்கும் கீழே நின்றது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாள் இருமலைத் திட்டாக மாற்றியே காலம் தள்ளியவள், ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்து வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். அடுத்தவளுக்கு முள் மேலே போனது. அவளும் அதே போலக் கடைசியில் போய் நின்றாள். முள் ஏறியது எவளுக்கு, ஏறாதது எவளுக்கு என்று தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் பிரிக்கத் தெரியாது.

ஒன்பதாவதாக அண்ணி வந்தாள். குழாயை வாயில் வைத்தாள். முதல் ஊதில் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. ஸ்பீக்கர் தன்னையறியாமல் மார்பு நிறையக் காற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் இந்த முறை கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அண்ணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முறை ஊதினாள். கொஞ்சம் நின்று மூன்றாவது முறை ஊதினாள். டாக்டரம்மா தாளில் எழுதினாள். எழுதியது சின்ன எண்தான், ஆனால் அது அண்ணியுடைய மூச்சு.

பதினைந்தாவது ஆளோடு வாயில் வைக்கும் அட்டைக்குழல்கள் தீர்ந்துவிட்டன. ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக்கூடாது. நர்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். "எங்க ஆபீஸ்ல இருக்கு. போய் எடுத்துட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"போயிட்டு வாங்க" என்றாள் மாமியார். "எங்களுக்கு இன்னைக்கு வேற வேலை இல்ல."

வாட்ச்மேன் சின்னக் கதவை மட்டும் திறந்து நர்ஸை அனுப்பினான். வெயில் ஏறத் தொடங்கியது. மூச்சு முட்டியவர்களைச் சுவரின் நிழல் பக்கம் உட்கார வைத்தார்கள். அவர்கள் மட்டும் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று எல்லாருமே உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கரும் போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு அவளுக்கு வேலை கிடையாது. அறை இருக்குமா, அதுவும் தெரியாது. அண்ணி தலையை அவள் தோளில் சாய்த்தாள்.

மாடியிலிருந்து முதலாளி அனுப்பியிருக்க வேண்டும். சூப்பர்வைசர் மெதுவாக வந்து, ஊதி முடித்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் குனிந்து, இரகசியம் போலக் கேட்டார்.

"உனக்கு முள் எங்க நின்னுச்சு? உன் நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

அவளுக்கு முள் உச்சியில் நின்றிருந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கொட்டகைக்குத் திரும்பியிருக்கலாம்.

"எண்ணி முடியட்டும் சார்" என்றாள்.

அவர் அடுத்தவளிடம் போனார்.

"எண்ணி முடியட்டும் சார்."

அதற்கும் அடுத்தவள் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவர் அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நிழலோரமாக நடந்தார். இன்னும் இருபத்தைந்து பேர் ஊத வேண்டியிருந்தது.